சொல்லே சான்று: பாண்டு மொழிகளும் மத்திய ஆப்பிரிக்க வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய ஆப்பிரிக்க வரலாற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கு ஒரே இடத்தில் விடை எழுதிவைக்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசைதான் இந்தப் பக்கம். ஆப்பிரிக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒலிக்கு நெருக்கமாக எழுதியிருக்கிறேன். 'பாண்டு' என்ற பெயர் மட்டும் அச்சில் நிலைத்துவிட்டதால் அப்படியே விடுகிறேன்.

'பாண்டு' என்பது ஓர் இனத்தின் பெயரா?

இல்லை. அது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். கேப் டவுனில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பிளீக், 1862இல் வெளிவரத் தொடங்கிய தம் ஒப்பிலக்கண நூலில் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணம் வந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இம்மொழிகள் பலவற்றில் 'மனிதர்கள்' என்பதற்கான சொல் 'பன்ட்டு' என்றோ அதற்கு நெருக்கமாகவோ இருப்பதைக் கண்டு அதையே பெயராக வைத்தார்.

ஆகவே 'பாண்டு மக்கள்' என்று எழுதும்போது 'பாண்டு மொழி பேசும் மக்கள்' என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். ஒரே முகம், ஒரே குருதி, ஒரே பண்பாடு என்ற பொருள் அதில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். நிறவெறி அரசு 1953இல் கொண்டுவந்த பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தரம் குறைந்த கல்வியைச் சட்டப்படி விதித்தது. அந்நாட்டினர் பலருக்கு இந்தச் சொல் இன்றும் வசைச்சொல்லாகவே ஒலிக்கிறது.

எத்தனை மொழிகள்? எங்கே பேசப்படுகின்றன?

மொழி எது, வட்டார வழக்கு எது என்று கோடு போடுவதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். பொதுவாக 500 என்பார்கள். மேற்கே கேமரூன், கிழக்கே கென்யா, தெற்கே தென்னாப்பிரிக்கா வரையுள்ள பெரும் பரப்பில் இவை பேசப்படுகின்றன. சுவாகிலி, சூலு, ஷோனா, கிகொங்கோ, லிங்காலா ஆகியவை நாம் அடிக்கடி கேள்விப்படும் பெயர்கள்.

இவை எல்லாம் ஒரே குடும்பம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

நமக்குப் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் பத்து, கன்னடத்தில் ஹத்து. சொல்லின் முதலில் தமிழில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் வருகிறது. ஒரு சொல்லில் மட்டும் இப்படி இருந்தால் தற்செயல் எனலாம். சொல்லுக்குச் சொல் ஒழுங்காக வந்தால் அது உறவு.

'மனிதன், மனிதர்கள்' என்ற இணையை எடுத்துக்கொள்வோம். கிகொங்கோவில் முன்ட்டு, பன்ட்டு. சூலுவில் உமுன்ட்டு, அபன்ட்டு. சுவாகிலியில் ம்ட்டு, வாட்டு. லிங்காலாவில் மொட்டோ, பட்டோ. ஷோனாவில் முன்ஹு, வன்ஹு. ஹெரேரோவில் ஒமுன்டு, ஒவன்டு. வேர் ஒன்றுதான், அதன் நடுவிலுள்ள ஒலிதான் மொழிக்கு மொழி மாறுகிறது. ஒரு மொழிக்குள் அந்த மாற்றம் பிற சொற்களிலும் விதிபோல நடக்கிறது. இந்த விதிகளை முறைப்படி தொகுத்து இவற்றுக்கெல்லாம் தாயான மூல பாண்டு மொழியின் ஒலிகளை மீட்டெடுக்க முயன்றவர் கார்ல் மைன்ஹோஃப். அவருடைய முதன்மையான நூல் 1899இல் வந்தது. பின்னர் பெல்ஜியத்தின் ஆஷில் மேசன், 1967இல் வெளியிட்ட தம் ஆய்வில் சொற்களின் தொனியையும் (பொருளை மாற்றும் குரலின் ஏற்ற இறக்கத்தையும்) இலக்கண உருபுகளையும் மீட்டெடுத்தார்.

பெல்ஜியத்தில் தெர்வூரென் என்னும் ஊரிலுள்ள மத்திய ஆப்பிரிக்க அருங்காட்சியகத்தில் தொகுக்கப்பட்ட தரவுத்தளத்தில் இப்படி மீட்கப்பட்ட சொல்வடிவங்கள் ஏறத்தாழ 10,000 இருக்கின்றன. எல்லாமே மூலமொழிக்குப் போகும் வேர்கள் அல்ல. பல, ஒரு சில மண்டலங்களில் மட்டும் பரவியவை. எந்தச் சொல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதும் வரலாற்றுக்கு ஒரு தடயம்.

பெயர்ச்சொல் வகுப்புகள் என்றால் என்ன?

பாண்டு மொழிகளில் என்னை முதலில் ஈர்த்தது இதுதான். பெயர்ச்சொற்கள் எல்லாம் வகுப்பு வகுப்பாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு முன்னொட்டு உண்டு. வேர் அப்படியே இருக்க, முன்னொட்டு மாறினால் பொருள் மாறும். முகண்டா என்றால் கண்டா இனத்தவர் ஒருவர், பகண்டா என்றால் அம்மக்கள், லுகண்டா அவர்கள் மொழி, புகண்டா அவர்கள் நாடு. சுவாகிலி பேசுவோர் வாயில் 'புகண்டா'வின் முதலிலுள்ள பகரம் விழுந்து பிறந்ததுதான் 'உகாண்டா' என்ற பெயர்.

முன்னொட்டு பெயரோடு நிற்பதில்லை. அதைச் சார்ந்த சொற்கள் அனைத்தின் மீதும் ஏறிக்கொள்ளும். சுவாகிலியில் 'பெரிய புத்தகம் விழுந்துவிட்டது' என்பது 'கிட்டாபு கிகுப்வா கிமேஅங்குக்கா'. பன்மையில் 'விட்டாபு விகுப்வா விமேஅங்குக்கா'. 'அவன் வந்தான், அது வந்தது' என்று வினைமுற்றில் திணையும் பாலும் காட்டிப் பழகிய நமக்கு இந்த இயைபு அந்நியமாகத் தோன்றாது. நம்மிடம் இரு திணை, ஐம்பால். அவர்களிடம் பல மொழிகளில் பத்துக்கு மேற்பட்ட வகுப்புகள்.

மேலே வந்த 'கிட்டாபு' அரபியிலிருந்து வந்த கடன்சொல். அரபியில் அந்தக் 'கி' முன்னொட்டு அல்ல, சொல்லின் ஒரு பகுதி. சுவாகிலியோ அதைத் தன் முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு, பன்மைக்கு 'விட்டாபு' என்று ஆக்கிவிட்டது. வந்த விருந்தாளியை வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்ளும் இந்த ஆற்றலைப் பார்த்தபின்தான் இலக்கணம் என்பது எவ்வளவு உயிருள்ள பொருள் என்று எனக்குப் புரிந்தது.

அப்படியானால் தமிழுக்கும் பாண்டு மொழிகளுக்கும் உறவு உண்டா?

இல்லை. இரண்டும் ஒட்டுநிலை மொழிகள் என்பது கட்டமைப்பில் உள்ள ஒற்றுமை. அது பிறப்பு உறவுக்குச் சான்றாகாது. தமிழ் பின்னொட்டுகளின் மொழி, பாண்டு மொழிகளின் முதுகெலும்பு முன்னொட்டு. 'பாண்டு – பாண்டியன்' என்று ஒலியை வைத்து எழுதப்படும் பதிவுகளை நம்பாதீர்கள். பன்ட்டு என்பதைப் பிரித்தால் 'ப' பன்மை முன்னொட்டு, 'ன்ட்டு' வேர். பிரித்த அந்த நொடியே பாண்டியனோடுள்ள ஒற்றுமை கலைந்துவிடும். பால், ஹாலு போன்ற ஒழுங்கான ஒலிப் பொருத்தம் நூறு சொற்களிலாவது காட்டப்படாதவரை உறவு என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழின் மீது பற்றுள்ளவன் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எழுத்தில்லாத மக்களுக்கு வரலாறு எழுதுவது எப்படிச் சாத்தியம்?

பக்கத்தின் நடு இதுதான். யான் வன்சினா என்ற பெல்ஜியர் (1929–2017) ஐரோப்பிய இடைக்கால வரலாற்றில் பயின்றவர். 1950களின் தொடக்கத்தில் காங்கோவின் கசாய் பகுதியிலுள்ள கூபா அரசுக்குப் போனார். எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் வரலாறு இல்லை என்று அப்போது பல்கலைக்கழகங்கள் நம்பிக்கொண்டிருந்தன. கூபாவில் ஒருவர் அவரிடம், எங்கள் செய்தித்தாள்களை நாங்கள் தலைக்குள் சுமக்கிறோம் என்ற பொருள்படச் சில பாடல்களைச் சொல்லிக் காட்டியதாக வன்சினா பின்னாளில் நினைவுகூர்ந்தார். தாம் ஐரோப்பாவில் ஆராய்ந்த இடைக்காலப் பாடல்களைப் போலவே இவற்றையும் மூலச் சான்றுகளாக நிறுத்தி ஆராயலாம் என்று அவருக்குத் தோன்றியது. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், சொல்பவருக்கு அதில் என்ன ஆதாயம், வேறு வழிவந்த கதை என்ன சொல்கிறது என்று சான்றை விசாரிக்கும் முறையை 1961இல் நூலாக்கினார்.

எதிர்ப்பும் வந்தது. லுக் தெ ஹூஷ் என்ற மானிடவியலாளர், அரசர்களின் தோற்றக் கதைகள் நடந்த நிகழ்ச்சிகள் அல்ல, அவை புராண அமைப்புகள் என்று வாதிட்டார். என் பார்வையில் அந்த விமர்சனம் வன்சினாவின் பிற்கால எழுத்தைக் கூர்மையாக்கியது. அவர் சொற்களை நோக்கி மேலும் திரும்பினார். மழைக்காட்டு மக்களைப் பற்றிய அவருடைய 1990ஆம் ஆண்டு நூலின் அடித்தளம் 'சொல்லும் பொருளும்' என்ற முறை. ஒரு சொல் மூலமொழி வரை போகிறது என்றால் அது குறித்த பொருளும் அப்போது இருந்தது என்பது அதன் அடிப்படை.

எடுத்துக்காட்டு, ஆடு. கேமரூன் கடற்கரையின் துவாலாவில் ம்போடி, கசாயின் லூபாவில் ம்புஜி, சுவாகிலியில் ம்புஸி, ஷோனாவில் ம்புட்ஸி, சூலுவில் இம்புஸி. ஆட்டை ஓட்டிக்கொண்டுதான் இம்மக்களின் முன்னோர் புறப்பட்டார்கள் என்று இதை வைத்துத் துணிந்து சொல்லலாம். அதேபோல 'கங்கா' என்ற வேர் வைத்தியரையும் சடங்கு வல்லுநரையும் குறித்து மிகப் பரந்த நிலத்தில் வாழ்கிறது. மருத்துவம் அறிந்த ஒருவருக்குத் தனிப் பெயரும் மதிப்பும் இருந்த சமூகம் அது. எந்தக் கல்வெட்டும் நமக்குச் சொல்லாத செய்தி.

இந்த முறையில் ஏமாற வாய்ப்பில்லையா?

நிறைய உண்டு. மிளகாய் போர்த்துக்கீசியரோடு வந்த பொருள், ஆனால் பெயரோ பழைய மிளகிலிருந்து பிறந்தது. சொல் பழையது என்பதால் பொருளும் பழையது என்று ஒருவர் முடிவு கட்டினால் சங்ககாலச் சமையலில் மிளகாய் வந்துவிடும். கிகொங்கோவில் வேர்க்கடலைக்கு 'ங்குபா' என்று பெயர். வேர்க்கடலை அமெரிக்கப் பயிர். அது வருமுன் மண்ணுக்கடியில் காய்க்கும் ஆப்பிரிக்கக் கடலை ஒன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. புதிய பயிர் பழைய பெயரை வாங்கிக்கொண்டது. பின்னர் அடிமைக் கப்பல்களில் கடல் கடந்த மக்களோடு அந்தச் சொல்லும் போய், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'கூபர்' என்று வேர்க்கடலையைக் குறிக்கிறது. விலங்கிடப்பட்டுக் கொண்டுபோகப்பட்டவர்கள் கையில் எதுவும் கொண்டுபோக முடியவில்லை. நாவில் கொண்டுபோனதை யாராலும் பறிக்க முடியவில்லை.

இம்மொழிகளின் தாயகம் எது?

1960களில் இது பெரிய சண்டை. லண்டனில் பேராசிரியராக இருந்த மால்கம் கத்ரி, பாண்டு மொழிகளை எழுத்தும் எண்ணும் இட்டு மண்டலங்களாக வகைப்படுத்தியவர். அந்தக் குறியீடுகள் இன்றும் புழங்குகின்றன. பொதுவான வேர்கள் மிக அதிகமாகத் தங்கியிருப்பது காங்கோ மழைக்காட்டுக்குத் தெற்கே லூபா, பெம்பா மொழிகளில் என்பதால் மையம் அங்கேதான் என்றார். அமெரிக்கரான ஜோசப் கிரீன்பர்க் இதை மறுத்தார். பாண்டு மொழிகளின் நெருங்கிய உறவு மொழிகள் நைஜீரியாவிலும் கேமரூனிலும் இருக்கின்றன, குடும்பம் நெடுங்காலம் வாழ்ந்த இடத்தில்தான் வேறுபாடு அதிகம் சேரும், ஆகவே தாயகம் அவ்விரு நாடுகளின் எல்லைப் பகுதி என்றார். 1966இல் வரலாற்றாசிரியர் ரோலண்ட் ஆலிவர் இருவரையும் இணைக்க முயன்றார்: கிரீன்பர்க் சொல்வது முதல் கட்டம், கத்ரி சொல்வது பிந்தைய பரவல் மையம் என்று. இன்று தாயகத்தைப் பொறுத்தவரை கிரீன்பர்க்கின் பக்கமே வென்றிருக்கிறது. பரவல் ஏறத்தாழ 4,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்பது பொதுக் கருத்து.

காங்கோவின் பெருங்காட்டை எப்படிக் கடந்தார்கள்? இரும்புக் கோடரியாலா?

இரும்புதான் அவர்களுக்கு வழி திறந்தது என்று பழைய பாடநூல்கள் எழுதின. புறப்பட்டபோது அவர்களிடம் இரும்பு இல்லை. மட்பாண்டமும் கல் கோடரியும் பயிர்களும்தான் இருந்தன. இரும்பு உருக்கும் தொழில் பின்னால் சேர்ந்தது.

ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் தட்பவெப்பம் வறண்டு, காட்டின் நடுவே புல்வெளி வழிகள் திறந்தன. தென் கேமரூனின் இன்றைய காட்டுப் பகுதியில், பொ.ஆ.மு. 400 முதல் 200 வரையிலான காலத்துக் கம்பு மணிகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கம்பு நனைந்த காட்டில் விளையாது. நம் கம்பும் மேற்கு ஆப்பிரிக்காவில் பயிராகப் பழக்கப்பட்டு இங்கே வந்ததுதான். கூழ் குடிக்கும்போது இதை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

2015இல் ஒரு குழு, மொழிகளின் கிளைவழி மரத்தைக் கணினியில் கட்டிப் பார்த்து, மக்கள் அந்தப் புல்வெளி வழியாகவே நகர்ந்தார்கள், காடு அவர்களைத் தாமதப்படுத்தியது என்றது. 2022இல் இன்னொரு குழு அதே வகைக் கணக்கை வேறு முறையில் போட்டு, 4,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுக்குள்ளேயே நடந்தார்கள் என்றது. விவாதம் முடியவில்லை.

இவற்றைவிட என்னை உலுக்கியது 2021இல் வந்த தொல்லியல் ஆய்வு. காங்கோ மழைக்காட்டின் 726 இடங்களிலிருந்து 1,149 கரிமக் காலக்கணிப்புகளைத் திரட்டியபோது, பொ.ஆ. 400 முதல் 600 வரை மக்கள் தொகை பெருமளவு சரிந்தது தெரியவந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகே மக்கள் மறுபடி பெருகினார்கள். அப்படியானால் இன்று அங்கே பேசப்படும் மொழிகளில் பலவும் முதல் அலையில் வந்தவர்கள் விட்டுச்சென்றவை அல்லாமல் இருக்கலாம். வரைபடத்தில் ஒரே அம்பாகக் காட்டும் 'பாண்டு பரவல்' உண்மையில் வந்ததும் போனதும் மீண்டும் வந்ததுமான சிக்கலான கதை.

மரபணு ஆய்வு என்ன சொல்கிறது?

2023இல் வெளியான ஆய்வு ஒன்று 14 நாடுகளில் 1,763 பேரின் மாதிரிகளைப் பார்த்தது. பரவியது மொழி மட்டுமல்ல, மக்களும் பெயர்ந்தார்கள் என்பதை அது உறுதிப்படுத்துகிறது. போன இடங்களில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களோடு கலந்தார்கள் என்பதும் தெரிகிறது.

ஏற்கெனவே காட்டில் வாழ்ந்தவர்களின் மொழி என்ன ஆயிற்று?

மறைந்துவிட்டது, ஆனால் முழுவதும் அல்ல. ஆக்கா, பாக்கா என்று இரு வேட்டைச் சமூகங்கள். ஆக்கா பேசுவது பாண்டு மொழி. பாக்கா பேசுவது உபாங்கியம் என்ற வேறொரு குடும்பத்து மொழி. அண்டை வேளாண் மக்களிடமிருந்து இரு சமூகங்களும் தனித்தனியே மொழியை ஏற்றுக்கொண்டன. ஆனால் செர்ஜ் பாஹுஷே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இரண்டையும் ஒப்பிட்டபோது, சொற்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பொதுவாக இருப்பதைக் கண்டார். தேன், காட்டுச் செடிகள், வேட்டைக் கருவிகள் பற்றிய சொற்கள் அவற்றில் நிறைந்திருந்தன. வீட்டு மொழி போய், தொழில் மொழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு மக்கள் தம் பேச்சை இழந்த பிறகும் தேனின் பெயர்களை இழக்கவில்லை.

மத்திய ஆப்பிரிக்காவில் பழைய எழுத்து ஆவணங்களே இல்லையா?

இருக்கின்றன, நம் நெஞ்சைத் தொடும் அளவுக்கு. போர்த்துக்கீசிய மாலுமி தியாகோ காவ் 1480களில் காங்கோ ஆற்றின் முகத்துக்கு வந்தார். அங்கிருந்த கொங்கோ என்னும் பழைய அரசின் மன்னர் ங்சிங்கா ஆ ங்குவு 1491இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மகன் அஃபோன்சோ போர்த்துக்கீசிய அரசருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. வணிகர்கள் தம் குடிமக்களை, உயர்குடிப் பிள்ளைகளையும் உறவினர்களையும்கூட, நாள்தோறும் பிடித்துப் போகிறார்கள் என்று 1526இல் முறையிடுகிறார். நாடு வெறுமையாகிறது என்ற அந்த அரசரின் கலக்கம் ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் வாசிப்பவரைச் சுடும்.

தமிழ் வாசகருக்கு ஒரு நேரடி இணைப்பும் இங்கே உண்டு. மார்கோஸ் ஜோர்ஜ் என்ற இயேசு சபைப் பாதிரியார் போர்த்துக்கீசிய மொழியில் மறைக்கல்வி நூல் ஒன்றை எழுதினார். ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அதைத் தமிழாக்க, 1579இல் 'கிரிசித்தியானி வணக்கம்' என்று கொச்சியில் அச்சாயிற்று. அதே நூல் மத்தேயுஸ் கார்தோசோவின் பொறுப்பில் கிகொங்கோவாகி, 1624இல் லிஸ்பனில் அச்சானது. போர்த்துக்கீசிய வரியும் கிகொங்கோ வரியும் மாறிமாறி வரும் அந்தப் புத்தகம்தான் இன்று கிடைக்கும் பாண்டு மொழி நூல்களில் மிகப் பழையது. ஒரே மூலத்துக்கு முத்துக்குளித்துறையில் ஒரு மொழிபெயர்ப்பு, காங்கோவில் ஒரு மொழிபெயர்ப்பு. இங்கே கடவுளுக்குத் 'தம்பிரான்' என்ற உள்ளூர்ச் சொல்லைத் தேடினார்கள். அங்கே பாதிரியாருக்கு நாம் முன்பு பார்த்த 'கங்கா'வை எடுத்தார்கள். கங்கா என்று அழைத்ததும் கொங்கோ மக்கள் புதிய சமயத்தைத் தங்களுக்குத் தெரிந்த உலகத்துக்குள் வைத்துப் புரிந்துகொண்டார்கள். மொழிபெயர்ப்பில் யார் யாரை மாற்றினார்கள் என்பது இன்றும் ஆராயத் தக்க கேள்வி.

1659இல் ஜாசின்தோ புருஷியோத்தோ எழுதிய கிகொங்கோ இலக்கணம் ரோமில் வந்தது. பாண்டு மொழி எதற்கும் அச்சான முதல் இலக்கணம் அதுவே. லத்தீன் இலக்கணச் சட்டத்துக்குள் அடைத்துவிடாமல், பெயர்ச்சொற்களை முன்னொட்டின்படி அவர் பிரித்துக்காட்டியிருக்கிறார்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் கூன் போஸ்டோன் தலைமையிலான குழு இந்தப் பழைய நூல்களையும் இன்றைய பேச்சு வழக்குகளையும் அகழாய்வையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. முன்னொட்டுகள் தேய்ந்து குறுகும் மாற்றம் தலைநகரான ம்பன்சா கொங்கோவின் வட்டாரத்திலிருந்து வெளியே பரவியதாக அவர்கள் வாதிடுகிறார்கள். அதாவது அரசதிகாரமும் வணிகமும் போன வழியில் உச்சரிப்பும் போயிருக்கிறது. அந்தத் தலைநகர் இன்று அங்கோலாவில், 2017 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

இந்த ஆய்வுகள் காலனியத்தின் பிள்ளைகள்தானே?

ஆம், அதை மறைக்கக் கூடாது. தெர்வூரென் அருங்காட்சியகம், இரண்டாம் லியோபோல்டு மன்னர் காங்கோவைத் தம் சொந்தச் சொத்தாக வைத்திருந்த காலத்தில், 1897ஆம் ஆண்டுக் கண்காட்சியிலிருந்து பிறந்தது. அந்தக் கண்காட்சிக்கு 267 காங்கோ மக்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏழு பேர் அங்கேயே இறந்தார்கள். மீட்கப்பட்ட சொற்களின் பட்டியல் வளர்ந்த இடம் அதுதான் என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது.

இதைவிடக் கொடிய பாடம் ருவாண்டா. ஹூட்டு, டுட்சி, ட்வா மூவருக்கும் தாய்மொழி ஒன்றே, கின்யருவாண்டா என்ற பாண்டு மொழி. ஆனால் டுட்சிகள் வடக்கிலிருந்து வந்த வேறு இனம், ஹூட்டுக்கள் 'பாண்டு' இனம் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்பனையைக் காலனிய அரசு ஆட்சிமுறையாக்கியது. 1930களில் அடையாள அட்டையில் இனம் அச்சிடப்பட்டது. 1994 இனப்படுகொலையின்போது சாலைத் தடுப்புகளில் கேட்கப்பட்டது அத்தகைய அட்டைதான். மொழிக்குடும்பத்தின் பெயரை இனத்தின் பெயராக்காதீர்கள் என்று முதல் விடையிலேயே நான் சொன்னதற்குக் காரணம் இது.

ஆப்பிரிக்க அறிஞர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள்?

ருவாண்டாவின் அலெக்சிஸ் கஹாமே 1956இல் முன்ட்டு, கின்ட்டு, ஹன்ட்டு, குன்ட்டு என்ற நான்கு சொற்களிலிருந்து ஒரு மெய்யியலையே எழுப்பினார்: அறிவுள்ளது, அறிவற்ற பொருள், இடமும் காலமும், விதம். இலக்கணத்திலிருந்து மெய்யியலுக்குத் தாவுவது ஆபத்து என்று விமர்சித்தவர்களும் உண்டு. நான் அந்த விமர்சகர்கள் பக்கம், ஆனாலும் அவர் துணிவை மதிக்கிறேன். காங்கோ-பிரஸாவில் நாட்டின் தியோபில் ஒபெங்கா, 1983இல் காபோன் தலைநகர் லிப்ரவில்லில் உருவான பாண்டு நாகரிக ஆய்வு மையத்துக்குத் தலைமை தாங்கினார். கின்ஷாசாவின் இசிடோர் ந்தாய்வெல் எழுதிய காங்கோ வரலாறு அந்நாட்டுப் பார்வையில் எழுந்த பெருநூல்.

நான் இதைப் படிக்கத் தொடங்க விரும்புகிறேன். எங்கிருந்து?

ஆய்வுகளில் பெரும்பகுதி பிரெஞ்சில் இருப்பதால் பிரெஞ்சு வேண்டும். கொங்கோ ஆவணங்களுக்குப் போர்த்துக்கீசியம். ஆனால் அதற்கெல்லாம் முன், ஒரு பாண்டு மொழியையாவது நாவில் ஏற்றிக்கொள்ளுங்கள். சுவாகிலி எளிது. லிங்காலா இன்னொரு நல்ல வாசல். காங்கோ ஆற்று வணிகர்களின் பொபாங்கி மொழியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகி, படைவீரர்கள் வழியாகவும் இசை வழியாகவும் பரவியது. இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசின் நான்கு தேசிய மொழிகளில் ஒன்று.

முதல் நாள் பயிற்சியாக ஐந்து எண்களை எழுதிப் பாருங்கள். சுவாகிலியில் மோஜா, ம்பிலி, டாட்டு, ன்னே, டானோ. லிங்காலாவில் மோக்கோ, மிபாலே, மிசாட்டோ, மினேய், மிட்டானோ. லிங்காலாவில் நான்கு எண்களின் முன்னால் ஒட்டியிருக்கும் 'மி' எது என்று பிரித்துவிட்டு, மீதியை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மூன்றில் சுவாகிலியின் 'ட'வுக்கு எதிரே லிங்காலாவில் 'ச' நிற்பதும், ஐந்தில் அப்படி நிற்காததும் கண்ணில் படும். ஏன் என்ற கேள்வி அங்கே எழுந்தால், அடுத்த புத்தகத்தை நீங்களே தேடிக்கொள்வீர்கள்.